‘அக்காவுக்கு’ என்ற ஃபைல்

கடையில் கம்ப்யூட்டர் வாங்கும்போது அதில் இருக்கிற வசதிகளில் சிலவற்றை மூடியேதான் தருகிறார்கள். இது பலருக்குத் தெரியாது. அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. பெரும்பாலான வீடுகளில் அவை தேவைப்படுவதே இல்லை. தேவைப்படுகிறவர் மெஷினை அணைத்து மறுபடி போட்டு, திரை வெளிச்சமாவதற்குள் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் நீலமாகவோ கறுப்பாகவோ ஒரு பக்கம் வரும். பயாஸ் என்போம். அதில் நாலு படி உள்ளே போனால் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றி, சேமித்து, வெளியே வந்தால் வேலை முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். இந்த ஒரு நிமிடத்தில்தான் தொடங்கியது என்று உங்கள் உதவியாளர் எழுதிக்கொண்டார். அது தப்பு. அந்த ஒரு நிமிடத்தை நான் என் தங்கைக்காகச் செலவழித்தேன், அவள் கேட்டாள் என்பதற்காகச் செலவழித்தேன். அதையும் குற்றத்தில் சேர்த்தால் எனக்குக் கோபம் வரும். ஏற்கெனவே எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது. ஆனால் நிதானமாகத்தான் எழுதப்போகிறேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன் என்று பள்ளிக்கூடத்திலேயே பேர் வாங்கியவள் நான்.

ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்கு இருபத்திரண்டு வருடமாக நான்தான் பொறுப்பு. அறுபது மெஷின்கள். வருடத் தொடக்கத்தில் அறுபதிலும் அந்த வரியை நான்தான் மாற்றுவேன். அதை மாற்றினால்தான் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்ட முடியும். உள்ளே இருக்கிறதை விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதற்குத் தனியாகப் பெட்டியோ திரையோ கிடையாது, எல்லாம் வெளிக் கம்ப்யூட்டரின் தயவு. ஆனால் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது தெரியாது. அவருக்கு அது ஒரு முழுக் கம்ப்யூட்டர்.

மாணவர்கள் வந்து அந்த உள் கம்ப்யூட்டரை ஒரு வாரம் படாதபாடு படுத்துவார்கள். நான் கவலைப்பட மாட்டேன். முன்கூட்டியே அதை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருப்பேன். ஒரு நிலையில் அதை அப்படியே படம் பிடித்து வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதில் யார் என்ன எழுதினாலும் அழித்தாலும், திங்கட்கிழமை காலையில் பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து ‘மீட்டெடு’ என்று சொன்னால் போதும். இடையில் நடந்த எதுவுமே நடக்கவில்லை. குப்பைத் தொட்டியில் தேடினாலும் கிடைக்காது. தேதி மட்டும் இன்றைய தேதியைக் காட்டும், ஏனென்றால் மணி என்ன என்பதை உள்ளே இருப்பது வெளியே இருப்பதிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

ஒவ்வொரு படத்துக்கும் எதற்காக, எப்போது என்று இரண்டு வரி குறிப்பு எழுதுவது லேபில் வந்த பழக்கம். அந்தக் குறிப்புகளைத்தான் நீங்கள் ஆதாரம் என்று கட்டி மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். ஒழுங்காக வேலை பார்த்ததற்கு இதுதான் பலன்.

என் தங்கை என்னைவிட எட்டு வயது சின்னவள். ஒரு பதிப்பகத்துக்குப் பாடப்புத்தகங்களைத் திருத்திக் கொடுக்கிறாள், வீட்டில் இருந்தபடியே. மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதிது வாங்கினாள். பதிப்பகத்தின் அச்சுக்கோப்பு மென்பொருள் அரதப் பழசு, அது புதியதில் ஏற மறுத்துவிட்டது.

“அக்கா, இந்தப் புது சனியன்ல என் சாஃப்ட்வேர் ஓட மாட்டேங்குது. ஏதாவது பண்ணேன்.”

பண்ணினேன். அந்த வரியை மாற்றினேன். பழைய கம்ப்யூட்டரை அப்படியே புதியதற்குள் உட்கார வைத்தேன். மூன்று மாலைகள் ஆயின. முடித்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இது உள்ளே, இது வெளியே, இதை இப்படிப் பின்னால் இழுக்கலாம் என்று விளக்கினேன். அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“சரிக்கா, சரிக்கா. தட்டினா வரணும், அவ்வளவுதான் எனக்கு.”

தட்டினால் வரும்படி செய்துகொடுத்தேன். பொத்தானை அழுத்தியதும் உள் கம்ப்யூட்டர் தானாகத் திறந்து திரை முழுக்க நிற்கும். வெளிக் கம்ப்யூட்டரை அவள் கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. நான் மறைத்தேன் என்று புகாரில் இருக்கிறது. நான் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

இனி எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

அம்மாவுக்கு ஐம்பத்தோரு வயதில் ஞாபகம் போக ஆரம்பித்தது. அந்த வயதில் வருமா என்று எல்லோரும் கேட்டார்கள். வந்தது. ஆறு வருடம் இருந்தாள். முதல் இரண்டு வருடம் தங்கை கூட இருந்தாள், பிறகு வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. விடுமுறைக்கு வருவாள், அம்மாவுக்குத் தலை சீவிவிடுவாள், ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவாள். மீதி நாட்களுக்கு நான் இருந்தேன். லேபுக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவேன், மதியம் ஓடி வந்து துணி மாற்றிவிட்டு ஓடுவேன். என்னைக் கட்டிக்கொள்ள ஒருவர் இரண்டு வருடம் காத்திருந்தார். மூன்றாவது வருடம் காத்திருக்கவில்லை. அவரை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

வீடெங்கும் அட்டைகள் எழுதி ஒட்டியிருந்தேன். ‘குளியலறை’. ‘அடுப்பு, தொடாதே’. ‘இவள் உன் மூத்த மகள்’ என்று என் படத்தின் கீழே. அம்மாவுக்குக் குரல் உயர்ந்தால் பயம். சுவரோரம் ஒதுங்கி நின்று நடுங்குவாள். அதனால் எங்கள் வீட்டில் சண்டை, சங்கடம், மன்னிப்பு எல்லாமே எழுத்தில்தான். தங்கை இருந்தவரை துண்டுச் சீட்டு எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைப்போம். அம்மா போன பிறகு, படிப்பு முடிந்து தங்கை என்னோடேயே வந்து இருந்தாள், அந்தப் பழக்கமும் போகவில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் திரையில் ‘அக்காவுக்கு’ என்று ஒரு ஃபைல் வைத்தாள். பெரிய விஷயம் எதுவானாலும் அதில் எழுதுவாள், கீழே நான் பதில் எழுதுவேன். வாயால் பேசுவது உப்பு, சாவி, மழை பற்றி மட்டும். இப்படியும் ஒரு வீடா என்று உங்கள் உதவியாளர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆறு வருடம் குரலை உயர்த்தாமல் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

போன வருடம் ஒரு விடுமுறை நாள். மதியம் தங்கைக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். அவள் பதிப்பகத்தின் தலைமை எடிட்டரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ஏதோ வீட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

“அம்மாவுக்குக் கடைசியில கொஞ்சம் மறதி இருந்துச்சு மேடம். மத்தபடி நல்லாத்தான் இருந்தாங்க. வீட்ல எல்லாருமா பாத்துக்கிட்டோம்.”

டீயை மேசையில் வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நான் சமையலறைக்கு வந்து நின்றுகொண்டேன். கொஞ்சம் மறதி. எல்லாருமா. அந்த வீட்டில் இருந்தது நானும் அம்மாவும்தான். எல்லாரும் என்றால் யார், அந்தச் சுவரா. அன்று அதை ஃபைலில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இதைக்கூட எழுதித்தான் சொல்ல வேண்டுமா என்று வீம்பு.

அதே வாரம் உள் கம்ப்யூட்டரில் ஏதோ அப்டேட் ஏறி, எழுத்துரு எல்லாம் குழம்பிப் போயிற்று. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஞாயிறன்று எடுத்த படத்துக்கு அதை இழுத்துவிட்டேன். சரியாகிவிட்டது. செய்த வேலையை அவள் அன்றன்றைக்கே பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் வெள்ளிக்கிழமைதான் அனுப்புவாளாம். சாயங்காலம் நான் வந்ததும் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, ரெண்டு பாடம் திருத்தி வெச்சிருந்தேன். காணோம்.”

காலையில் நான்தான் இழுத்தேன், மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“சேவ் பண்ண மறந்திருப்பே.”

“மறந்திருப்பேனா?”

“அம்மாவும் இப்படித்தான் ஆரம்பிச்சா.”

அவள் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். அம்மாவின் நோயை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. எப்போது தொடங்கினீர்கள் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். பயாஸ் பக்கத்தில் இல்லை, சமையலறை வாசலில்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் இரண்டு. காலையில் டீக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரம் போதும். ஒரு நாள் வேலை, அரை நாள் வேலை என்று பார்த்துத்தான் இழுப்பேன். நிறைய இழுத்தால் மெஷின்மேல் சந்தேகம் வரும், கொஞ்சமாக இழுத்தால் தன்மேல் சந்தேகம் வரும். வெள்ளிக்கிழமை தொட மாட்டேன். மெயிலிலும் கை வைக்கவில்லை. அது வெளியே எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது, அதைப் பின்னால் இழுக்க நான் மந்திரவாதி இல்லை. ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் புதிதாக ஒரு படம் எடுத்துக் குறிப்பு எழுதினேன். நீங்கள் நேற்று ஒன்றைச் சத்தமாகப் படித்தீர்கள். ‘மூன்றாம் பாடம் போகும். கேட்டால்: நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.’ அது என் குறிப்புதான். எழுத்துப்பிழை இல்லை பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கம்ப்யூட்டரின் உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை, இருந்தாலும் இழுப்பதை விடவில்லை. அவளே மீதியைப் பார்த்துக்கொண்டாள். சாவியை எங்கே வைத்தேன் என்பாள், அது அவள் கையிலேயே இருக்கும். சாவி எல்லோருக்கும் காணாமல் போகும், ஆனால் அவளுக்கு அது அம்மாவாகத் தெரிந்தது. நானும் அவ்வப்போது உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தேன். சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் அவளைக் கேட்டதற்கெல்லாம் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் பதில் சொன்னேன். அடுப்பை அணைக்க மறக்கிறாள் என்றேன். தெருவில் வழி தெரியாமல் நின்றாள் என்றேன். இரண்டும் அம்மா செய்தவை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாது, குடும்பத்தில் வேறு இருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைச் சாப்பிட்ட மூன்றாம் வாரம் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பேனா பிடிக்கச் சிரமப்பட்டாள். நோய் முற்றுகிறது என்று அவள் நினைத்தாள். மாத்திரையால் என்று எனக்குத் தெரியும், அட்டைக்குள் இருந்த தாளில் போட்டிருந்தது. வேளை தவறாமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பரணில் அம்மாவின் அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்து மறுபடி ஒட்டினேன். ‘குளியலறை’. ‘அடுப்பு, தொடாதே’. கோந்துத் தடம் இன்னும் சுவரில் இருந்ததால் அளந்து பார்க்க வேண்டிய வேலைகூட இல்லை. அவள் எதிர்ப்பு சொல்லவில்லை. ஒவ்வொரு அட்டையின் முன்னாலும் நின்று படித்தாள்.

“அம்மாவுக்கும் இதே அட்டைதானாக்கா?”

“ஆமா.”

“நீ ஒருத்தியாவே எல்லாத்தையும் ஒட்டினியா?”

“வேற யார் இருந்தா?”

அந்தக் கேள்வியை அவள் கேட்பதற்கு எனக்கு ஏழு மாதமும் ஒரு டப்பா கோந்தும் ஆயின.

ஒரு நாள் காலை அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். “நான் குளிச்சேனாக்கா?” என்று கேட்டாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இல்லை, இப்போதுதான் எழுந்து வருகிறாய் என்றேன். ஒரு கணம் தன் ஈர முடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முடியை நம்புவதா என்னை நம்புவதா என்பதுதான் விஷயம். அவள் என்னை நம்பினாள். திரும்பிப் போய் மறுபடி குளித்துவிட்டு வந்தாள். நான் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை துவட்டிவிட்டேன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது செய்ததைப் போல. அன்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதை நான் எழுத வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். உண்மையை எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது, வரிசை தவறிவிட்டது. மாத்திரை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். ஒரு மாலை அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்தத் தலைமை எடிட்டரோடு பேச்சு.

“ரொம்ப சந்தோஷம் மேடம். வீடு பாத்துட்டேன். அடுத்த மாசம் அங்கயே வந்து சேந்துடறேன்.”

பதிப்பகத்தின் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது. அங்கே பெரிய வேலை. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவை விட்டுப் போன மாதிரியே என்னையும் விட்டுப் போகிறாள், இந்தத் தடவை தலை சீவிவிட ஒரு வாரம் வருவாளோ என்னவோ. இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மூன்று நாட்களைச் சேர்த்து இழுத்தேன். அளவு பார்க்கவில்லை. கல்லூரிப் பேருந்து வரும் நேரம். குறிப்பு எழுதக்கூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் என்னையே பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

“படிச்சியாக்கா?”

“எதை?”

“ஃபைல்ல எழுதியிருந்தேனே.”

“ஃபைல்ல ஒண்ணும் இல்லையே.”

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, “எழுதினேன்னு நெனச்சேன் போல. விடு,” என்றாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்டிருக்கலாம். விடைபெறும் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு எனக்கு மானம் கெட்டுப்போகவில்லை. அந்த ஃபைலில் அவள் அப்புறம் எதுவும் எழுதவில்லை. மாதக் கடைசியில் அந்த வேலை வேண்டாமென்று பதிப்பகத்துக்குச் சொல்லிவிட்டாள். எனக்கு உடம்பு சரியில்லை மேடம் என்று அவள் ஃபோனில் சொன்னதை நானே கேட்டேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு பேட்டரி. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பலகையிலும் ஒன்று இருக்கும். மின் வயரைக் கழற்றினாலும் பயாஸில் நாம் மாற்றிய செட்டிங்குகளை அதுதான் பிடித்து வைத்திருக்கும். அது தீர்ந்து போயிருந்தால், வயர் மாட்டியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கழற்றினால் எல்லாம் கடையில் வாங்கிய நாளுக்குத் திரும்பிவிடும். லேபில் அறுபது மெஷினுக்கும் பேட்டரி மாற்றிய தேதியை ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் இருந்த ஒன்றுக்குப் பார்க்க மறந்துவிட்டேன். ஆமாம், மறந்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம், காலை பத்தரை மணி இருக்கும், லேபில் இருக்கும்போது ஃபோன் வந்தது.

“அக்கா, டாக்டர் வெளிச்சத்துல உக்காரச் சொன்னார்ல? மேசையை ஜன்னல் பக்கம் நகத்தினேன். ஒயரெல்லாம் கழட்டி மாட்டினேன். இப்ப வேற மாதிரி வருது. தேதி தப்பா இருக்கு. நடுவுல பெட்டி மாதிரி வந்து, விர்ச்சுவலைசேஷன் அணைஞ்சிருக்குங்குது. நான் எதையாவது மறந்துட்டேனாக்கா?”

“எதையும் தொடாதே. அணைச்சிட்டுப் படு. நான் வந்து பாக்கறேன்.”

பதினொரு மாதமாக நான் சொன்னதையெல்லாம் கேட்டவள், அன்று கேட்கவில்லை. அக்காவை வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தாளாம். தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருக்கிறார். எதையும் இரண்டு தட்டு தட்டித்தான் ஆரம்பிப்பார் என்பதால் தெருவில் அவருக்குச் சுத்தியல் என்று பேர். அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அறுபது மெஷின் பார்க்கிறவள் வீட்டில் சுத்தியல் வந்து கை வைத்தார் என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் பேட்டரியை மாற்றி, அந்த வரியையும் மாற்றி முடித்திருந்தார். ஒரு நிமிட வேலைதானே. ஆனால் அதற்குள் வெளிக் கம்ப்யூட்டரின் திரையை அவர் பார்த்துவிட்டார். அங்கே பட்டியல் இருந்தது. பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

“இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் மேடம். இதை யாரோ அடிக்கடி பின்னாடி இழுத்து விட்டிருக்காங்க. நீங்க செஞ்சதெல்லாம் செஞ்சதுதான். உங்க மேல தப்பே இல்ல. குறிப்புகூட அழகா எழுதி வெச்சிருக்காங்க பாருங்க.”

பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் ஸ்க்ரூடிரைவர்களைப் பையில் போட்டுக்கொண்டு, கூலிகூடக் கேட்காமல் போய்விட்டார்.

தங்கை பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். நடுங்குகிற விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து வைத்துப் படித்தாள். ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். பதில் தயாராக இருந்தது, ஆறு வருடமும் மனப்பாடம். அவள் அதைக் கேட்கவில்லை.

“அன்னிக்கு நான் குளிச்சேன்ல?”

“எப்ப?”

“தலை ஈரமா வந்து கேட்டேனே. நான் குளிச்சிருந்தேன்ல?”

“குளிச்சிருந்தே.”

தலையை ஆட்டிக்கொண்டாள். சுவரில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து என் மடியில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. பழக்கம். பிறகு வெளியே போனாள், உங்களிடம் வந்தாள். இப்போது ஒரு தோழி வீட்டில் இருக்கிறாள் என்றும், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த முடியும் என்றும், சாப்பிட்டேனா என்று இன்னும் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்றும் நீங்கள் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன்.

ஆகவே: உள் கம்ப்யூட்டரை அறுபத்து நான்கு முறை பின்னால் இழுத்தது நான். டாக்டரிடம் பொய் சொன்னது நான். கை நடுங்குவது எதனால் என்று தெரிந்தும் மாத்திரை கொடுத்தது நான். புத்தி நன்றாக இருக்கிற ஒருத்தியை, தனக்குப் புத்தி போய்விட்டது என்று பதினொரு மாதம் நம்பவைத்தது நான். அம்மாவை அவள் மறந்தாள், அம்மாவை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். யாரும் எனக்கு உதவவில்லை. எப்போதும்போல நான் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருக்கும். இன்று காலை நீங்கள் இன்னொரு தாளைக் கொண்டுவந்து வைத்தீர்கள்.

மீட்டெடுக்கும்போது அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். இப்போது இருக்கிற நிலையையும் ஒரு படம் எடுத்து வைக்கட்டுமா என்று. பக்கத்துக் கட்டத்தில் டிக் தானாகவே போட்டிருக்கும். வேண்டாமென்றால் நாம்தான் அந்த டிக்கை நீக்க வேண்டும். அறுபத்து மூன்று முறை நீக்கினேன். அவசரமாக ஓடிய அந்த ஒரு காலையில் நீக்கவில்லை போலிருக்கிறது. அதனால் அன்றைக்கு அழிந்ததாக நான் நினைத்தது அழியவில்லை, குறிப்பில்லாத ஒரு படமாகப் பட்டியலில் கிடந்திருக்கிறது. உங்கள் ஆள் அந்தப் படத்தைத் திறந்து, ‘அக்காவுக்கு’ என்ற ஃபைலை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். அவள் எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

“அக்கா, நேர்ல சொன்னா அழுதுடுவேன், அதான் இதுல. ஹெட் ஆஃபீஸ்ல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு ரூம் வீடு பாத்திருக்கேன். ஜன்னல் ரூம் உனக்கு. லேபை விட்டுட்டு வந்துடு, போதும் நீ ஓடினது. அன்னிக்கு மீட்டிங்ல நீ டீ கொண்டு வந்தப்ப, எல்லாருமா பாத்துக்கிட்டோம்னு சொல்லிட்டேன். அதுலேருந்து உறுத்திக்கிட்டே இருக்கு. எல்லாரும் இல்ல, நீ மட்டும்தான். எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் படிக்கப் போறேன்னு ஓடிப் போயிட்டேன். இப்ப எனக்கும் அம்மா மாதிரி வருதோன்னு பயமா இருக்கு. ஆனா நீ பக்கத்துல இருந்தா சமாளிச்சுடுவேன். நீ வரலைன்னா நானும் போகலை. கீழ பதில் எழுது.”

நான் இதைப் படித்து முடிக்கும்வரை நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். கொஞ்சம் தண்ணீர் கேட்டேன், கொடுத்தீர்கள். நன்றி.

யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரே வீட்டில் இருக்கிறோம், தினமும் என் கையால் டீ குடிக்கிறாள். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன். சொல்ல மறந்துவிட்டாள். டாக்டரிடமும் நான் அதைத்தான் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன்: அவளுக்கு ஞாபகம் போதாது.